ஏரியை வடிக்கும் மாதம்

அக்டோபர் நடுவில் செக் குடியரசின் தென்பகுதியில் உள்ள ட்ரெபோன் என்ற சிற்றூரில் போய் இறங்கி, நாட்டின் மிகப் பெரிய மீனேரி எங்கே என்று கேட்டால், வழிகாட்டும் கை ஒரு சேற்றுவெளியைச் சுட்டக்கூடும். கோடையில் 489 ஹெக்டேருக்கு நீர் பரந்து கிடந்த ரோஜ்ம்பெர்க் ஏரியில் அந்த நாட்களில் கரையோரப் பள்ளத்தில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். மீதியெல்லாம் பிசுபிசுக்கும் கருஞ்சேறு, அதில் கோடு கிழித்தாற்போல வாய்க்கால் தடங்கள், அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளாய்க் கொக்குகள். இலையுதிர்காலத்து ஏரி என்றதும் எல்லார் மனத்திலும் ஒரு படம் இருக்கிறது: மஞ்சளாகிப்போன மரங்கள், அவற்றைத் தலைகீழாகக் காட்டும் அசையாத நீர், மேலே ஒரு பறவைக் கூட்டம். நாட்காட்டிகள் பதியவைத்த படம் அது. அந்தப் படத்தோடு வருகிறவர் முதல் நாள் ஏமாந்துதான் போவார். ஆனால் அவர் பார்க்க வந்த அத்தனையையும், அந்த மரங்களையும் பறவைகளையும் கிராமத்து அறுவடை விருந்தையும், தாங்கி நிற்பது அந்தச் சேறுதான் என்பது என் கட்சி. ஆண்டுதோறும் மதகைத் திறந்து வடிக்கும் ஊர் என்பதால்தான் ட்ரெபோனில் ஏரிகள் ஐந்நூறு ஆண்டுகளாக ஏரிகளாகவே இருக்கின்றன.

ஊரின் பெயரை ட்ரெபோன் என்று எழுதியிருக்கிறேன். செக் மக்கள் அதிலுள்ள ரகரத்தை ஷகரத்தோடு பிசைந்து, நாவை அதிரவைத்துச் சொல்வார்கள். நமக்கு ழகரம் எப்படியோ, அவர்களுக்கு அந்த எழுத்து. அயலார் வாயில் அது நிற்காது. இன்னொரு சொல்லில் நமக்கு அவர்களைவிடச் சௌகரியம் உண்டு. தானாக உண்டான நீர்நிலைக்குச் செக் மொழியில் ‘யெஸெரோ’ என்று பெயர். மனிதர் கரை கட்டி மீன் வளர்க்கும் நீர்நிலை ‘ரிப்னீக்’, மீன் என்று பொருள்படும் ‘ரிபா’விலிருந்து பிறந்த சொல். ஆங்கிலத்தில் இதைக் குளம் என்று சொன்னால் சிறுத்துவிடுகிறது, இயற்கை ஏரி என்று சொன்னால் பொய்யாகிவிடுகிறது. தமிழில் ஏரி என்றாலே கரையும் மதகும் கலங்கலும் சேர்ந்த ஒன்று என்பது விளங்கிவிடும். ட்ரெபோன் வட்டாரத்தில் அப்படி ஏறக்குறைய ஐந்நூறு ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடத் தானாக உண்டானதன்று.

அந்த மண்ணின் பழைய கதையைக் கேட்டால் இது வியப்பாக இருக்காது. லுஜ்னிட்ஸெ ஆறு தயங்கித் தயங்கி ஓடும் தட்டையான பள்ளம் அது. மணலும் கரிச்சதுப்பும் கலந்த, புளிப்பேறிய, தானியத்துக்கு உதவாத நிலம். அங்கே கோதுமை போட்டு நட்டப்படுவதைவிட நீரைத் தேக்கி மீன் வளர்ப்பது லாபம் என்று கணக்குப் போட்டவர்கள் ரோஜ்ம்பெர்க் குலத்துப் பிரபுக்கள். கணக்குக்கு இன்னொரு காரணமும் துணை நின்றது. கத்தோலிக்க நாட்காட்டியில் இறைச்சி விலக்கிய நோன்பு நாட்கள் ஏராளம்; அந்த நாட்களில் மீன் சாப்பிடத் தடையில்லை. கடல் எட்டாத நாட்டில் மீனுக்கு இருந்த கிராக்கியைச் சொல்லவேண்டியதில்லை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷ்டேபானெக் நெடோலிட்ஸ்கி என்ற ஏரிக் கட்டுநர் ஆற்றிலிருந்து ஒரு கால்வாயைப் பிரித்து, 45 கிலோமீட்டருக்கும் மேலாக மிக மெல்லிய சரிவில் கொண்டுபோய், வழியிலுள்ள ஏரிகளுக்கெல்லாம் நீர் ஊட்டி, மறுபடி அதே ஆற்றில் சேர்த்தார். அதற்குத் தங்கக் கால்வாய் என்று பெயர்; இன்றும் ஓடுகிறது. அவருக்குப் பின் வந்த யாகுப் கிர்ச்சீன் அளவில் பெரியவர், ஆசையிலும் பெரியவர். 1571-இல் நகரத்தின் புறச்சேரியை இடித்துவிட்டு ஓர் ஏரி வெட்டினார். அதற்கு முதலில் ‘நன்றிகேடு’ என்று பொருள்படும் பெயர் இருந்தது. பிறகு ‘ஸ்வ்யெத்’, அதாவது ‘உலகம்’ என்றானது. 1584 முதல் 1590 வரை அவர் கட்டியதுதான் ரோஜ்ம்பெர்க். கரையின் நீளம் 2,430 மீட்டர். ஆற்று வெள்ளம் கரையை உடைக்காதிருக்க, அதே காலத்தில் 13 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான புது ஆறு ஒன்றை வெட்டி, பெருக்கைப் பக்கத்து நெஜார்கா ஆற்றுக்குத் திருப்பினார். அந்தக் கணக்கு எவ்வளவு சரியானது என்பது 2002 ஆகஸ்டில் தெரிந்தது. வழக்கமாக ஆறு மில்லியன் கன மீட்டர் நீர் கொள்ளும் ஏரி அந்த வெள்ளத்தில் ஏறக்குறைய 70 மில்லியன் கன மீட்டரைத் தாங்கி நின்றது. கரை உடையவில்லை.

இப்படி நீரைத் தேக்க இவ்வளவு பாடுபட்டவர்கள் ஏன் அதை வடிக்கிறார்கள்? அதுவும் ஏன் இலையுதிர்காலத்தில்? நம் ஊரில் கண்மாய் மீன்பிடித் திருவிழா கோடையில் வருவதற்குக் காரணம் எளிது: வெயில் நீரைக் குடித்துவிடுகிறது, மிஞ்சிய பள்ளத்தில் ஊர் இறங்குகிறது. அங்கே வெயில் அந்த வேலையைச் செய்யாது; கைதான் செய்யவேண்டும். நாளை மனிதர் தேர்ந்தெடுக்கலாம் என்றாகும்போது, அந்தத் தேர்வில் அறிவு தெரிகிறது. குளிர்ந்த நீர் வெந்நீரைவிட அதிக ஆக்சிஜன் பிடித்துவைக்கும். மீனுக்கோ குளிரக் குளிர உடல் இயக்கம் மந்தமாகி, இரை எடுப்பது குறைந்து, மூச்சுத் தேவையும் குறைகிறது. ஆயிரக்கணக்கான கெண்டைகளை ஒரே வலைக்குள் நெருக்கி, கோரி, நிறுத்து, லாரித் தொட்டியில் ஏற்றி, உயிரோடு கொண்டுபோவதென்றால் அக்டோபர் குளிர் வேண்டும். ஜூலையில் செய்தால் பாதி செத்துவிடும். கெண்டைக்கு அந்த ஆண்டின் வளர்ச்சி அத்தோடு முடிந்துவிட்டது. இனி நீரில் விட்டுவைத்தால் எடை இறங்குமே தவிர ஏறாது. கிறிஸ்துமஸ் இரண்டு மாதத்தில் வருகிறது. அடுத்து வரும் பனியும் மழையும் ஏரியைத் திரும்ப நிரப்பும். இத்தனையும் ஒன்றுசேரும் ஒரே பருவம் இலையுதிர்காலம். இலைகள் சிவக்கும் நேரமும் மதகு திறக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தது தற்செயலன்று. இரண்டுக்கும் தாய் ஒரே குளிர்.

இந்த மீன் அறுவடைக்கு ‘வீலோவ்’ என்று பெயர். பெரிய ஏரி ஒன்றை வடிக்க வாரக்கணக்கில் ஆகும். மதகைச் சட்டென்று திறந்துவிட்டால் மீன் சேற்றில் சிக்கும், கீழே உள்ள ஓடைக்கும் தாங்காது. நீர் இறங்க இறங்க மீனும் பின்னாலேயே இறங்கி, கரையை ஒட்டி வெட்டிவைத்த ஆழப் பள்ளத்தில் வந்து கூடும். அறுவடை நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். பெரிய இழுவலையை வளைத்துப் போட்டு, படகிலும் சேற்றிலுமாக நிற்கும் ஆட்கள் கழியால் நீரை அடித்து மீனை உள்ளே விரட்டுவார்கள். வலையின் இரு முனையும் கரைக்கு வந்து சேர்ந்து, விளிம்பைக் கம்புகளில் ஏற்றிக் கட்டியதும், அதுவரை அமைதியாக இருந்த நீர் கொதிக்கத் தொடங்கும். பிறகு ‘கெசெர்’ என்ற நீண்ட பிடி வைத்த கோருவலைதான் கருவி. கோரியதை மேசைமேல் கொட்டி, கெண்டை ஒரு தொட்டி, பைக் ஒரு தொட்டி, ஸாண்டர், டென்ச், புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை என்று கையாலேயே பிரிப்பார்கள். மீனவர்கள் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல் ‘பெட்ரூவ் ஸ்தார்’. மீனவராயிருந்த புனித பேதுருவின் பேரால் நல்வாய்ப்பு கிட்டட்டும் என்று பொருள். ரோஜ்ம்பெர்க் அறுவடை ஏறத்தாழ மூன்று நாள் நடக்கும். கரைமேல் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். பொரித்த மீனும் பீரும் விற்கும் கடைகள் வரிசையாக நிற்கும். பிடித்த கெண்டை அன்றே அடுப்புக்குப் போவதில்லை. ஓடும் நீர் பாயும் தொட்டிகளில் வாரக்கணக்கில் இரையின்றி வைத்திருந்து, சேற்று வாடை போனபிறகே சந்தைக்கு விடுவார்கள். சேற்று வாடைக்காகவே கெண்டையை ஒதுக்கும் நம் ஊர்ச் சாப்பாட்டுக்காரர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது.

அறுவடை முடிந்து கூட்டம் கலைந்தபின் ஏரிப்படுகையில் என்ன நடக்கிறது என்பதில்தான் என் வாதத்தின் வலுவான சான்று இருக்கிறது. வலையில் சிக்காத குஞ்சுகள், புழுக்கள், சேற்றுப் பூச்சிகள், சிப்பிகள் எல்லாம் திறந்த வெளியில் கிடக்கின்றன. வடக்கிலிருந்து தெற்கே வலசை போகும் பறவைகளுக்கு அதே வாரங்களில் பசி. பெரிய கொக்குகளும் சாம்பல் நாரைகளும் சேற்றில் நூற்றுக்கணக்கில் நிற்கும். இரண்டும் நம் ஏரிகளிலும் காணக்கிடைக்கும் இனங்களே; பனியில் கழுத்தை இழுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் அயல்நாட்டுப் பறவைகள்போலத் தோன்றுகின்றன. உள்ளான், ஆள்காட்டி, கடற்காகங்கள் வரும். சாம்பல் நிறக் காட்டு வாத்துகள் இன்னும் நீர் வடியாத ஏரிகளில் இரவு தங்கி, விடியலில் அறுவடை முடிந்த வயல்களுக்குக் கூச்சலிட்டபடி பறக்கும். இவற்றுக்கெல்லாம் மேலே வெண்வால் கடற்கழுகு. செக் மண்ணில் கூடு கட்டுவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே விட்டுப்போன பறவை அது. 1980-களில் ட்ரெபோன் வட்டாரத்தில்தான் திரும்பவும் காலூன்றியது. எல்லா ஏரிகளும் ஒரே நாளில் வடிக்கப்படுவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். செப்டம்பர் கடைசியில் ஒன்று, அடுத்த வாரம் பக்கத்து ஊரில் இன்னொன்று, நவம்பர் வரை இப்படியே முறை வைத்துப் போகும். ஆகவே பறவைகளுக்கு ஓர் இலை எடுத்ததும் அடுத்த இலை போட்டாற்போல விருந்து இடம்மாறிக்கொண்டே இருக்கிறது. ஐந்நூறு ஏரிகளும் எப்போதும் நிறைந்தே நின்றால் காலால் நடந்து மேயும் பறவைக்கு அங்கே வேலையே இல்லை.

பறவையாவது பறந்து வேறிடம் போய்விடும். கோலியான்தஸ் என்ற ஒரு புல் இருக்கிறது. சில சென்டிமீட்டர்தான் உயரம், சேற்றோடு சேறாகப் படர்ந்து கிடக்கும், முழங்காலிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதன் விதை நீருக்கடியில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். படுகை வெளியே தெரியும் சில வாரங்களில் முளைத்து, பூத்து, விதைத்துவிட்டு, நீர் ஏறும்போது மறைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பாதுகாப்புச் சட்டம் பெயர் சொல்லிக் காக்கும் தாவரங்களில் அது ஒன்று. மத்திய ஐரோப்பாவில் அதன் புகலிடம் இந்த மாதிரி மீனேரிகளின் அடிச்சேறு. மதகைத் திறக்கும் மனிதர் இல்லாவிட்டால் அந்தப் புல் இல்லை. இயற்கை, மனித வேலை என்று இரண்டு கட்டங்கள் வரைந்து, உலகத்திலுள்ளதையெல்லாம் ஏதாவது ஒன்றில் போடும் வழக்கம் நமக்கு உண்டு. கோலியான்தஸை எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசித்தால் அந்தக் கோடே அழிந்துவிடும்.

மரங்களுக்கும் இதே கதைதான். இலையுதிர்காலப் படங்களில் வரும் ட்ரெபோனின் அழகில் பாதி, ஏரிக்கரைகளில் நிற்கும் ஓக் மரங்கள். பிர்ச் முதலில் மஞ்சளாகி, ஆல்டர் பச்சையாகவே இலை உதிர்த்து, கடைசியில் ஓக் துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு வரும். நவம்பரிலும் காய்ந்த இலையை விடாது. அந்த ஓக்குகளை யாரும் அழகுக்காக நடவில்லை. வேர் மண்ணைக் கவ்விக் கரையைக் காக்கட்டும் என்று ஏரி கட்டியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் நட்டவை அவை. சில நூற்றாண்டு கடந்து உள்ளே பொந்தாகிப் போனபின், முதிய ஓக்கின் மட்கிய மரத்தை மட்டுமே நம்பி வாழும் அரிய வண்டினங்களுக்கு அவை கடைசி வீடாகிவிட்டன. காலையில் சேற்றுநிலத்தின் மேல் மூடுபனி படுத்திருக்க, கரைமேலிருக்கும் ஓக் வரிசை மட்டும் வானத்தில் மிதப்பதுபோலத் தெரியும். அந்தக் காட்சிக்குப் பொருள் சேர்ப்பவை ஒரு பொறியாளரின் கவலையும் பள்ளத்து ஈரமும்தான். செக் மாதப் பெயர்களே இந்தப் பருவத்தைப் படம்பிடித்துவிடுகின்றன. அக்டோபருக்கு அவர்கள் வைத்த பெயர் காட்டில் கலைமான் இணைதேடிக் குரலெழுப்பும் காலத்திலிருந்து வந்தது. நவம்பர் ‘லிஸ்தோபாத்’, நேர்பொருள் இலையுதிர்வு. இடையில் திரும்பிவரும் இளவெயில் நாட்களுக்குப் ‘பாபீ லேதோ’, பாட்டியின் கோடை. காற்றில் மிதக்கும் சிலந்தி இழைகள் பாட்டியின் நரைமுடியாம்.

இதற்கு முதல் மறுப்பு எளிதாக எழும். இத்தனையும் செயற்கை என்றால் அங்கே எதற்குப் போகவேண்டும்? பின்லாந்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல் ஏரிகள் இருக்கின்றன, பெரும்பாலும் பனியாறு செதுக்கியவை, அங்கே போனால் அசல் கிடைக்குமே என்று கேட்கலாம். போகவேண்டும்தான்; பின்லாந்தின் அமைதி வேறு வகை. ஆனால் அசல், போலி என்று பிரிப்பதில் ஒரு பிழை இருக்கிறது. ட்ரெபோன் வட்டாரத்தை யுனெஸ்கோ 1977-இல் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. 1979-இல் ஏறக்குறைய 700 சதுர கிலோமீட்டர் நாட்டின் பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதியானது. 1990-இல் அதன் மீனேரிகள் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இவர்கள் யாரும் அது மனிதர் கட்டியது என்பதை அறியாமல் அந்தப் பட்டயங்களைத் தரவில்லை. மனிதர் கைபட்டும் வளம் குன்றாத நிலம் ஒன்று இருப்பது, கைபடாத நிலம் இருப்பதைவிட அரிது என்பதால்தான் தந்தார்கள். கைவிட்டால் என்னாகும் என்பதற்கும் வரலாற்றில் விடை உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் முடிவில் செக் நிலத்தில் இருந்த மீனேரிகளின் பரப்பு சுமார் 180,000 ஹெக்டேர் என்று கணக்கிடுகிறார்கள். இன்று எஞ்சியிருப்பது 50,000 ஹெக்டேரை ஒட்டி. முப்பதாண்டுப் போர் கரைகளைக் கவனிப்பாரற்றுப் போகச் செய்தது. பின்னர் தானியமும் சர்க்கரைக் கிழங்கும் மீனைவிட லாபம் என்றானபோது ஏரிகள் உழவு நிலமாயின. மீன் விலைபோகாத இடத்தில் ஏரியும் நிற்கவில்லை, அதை நம்பிய பறவையும் நிற்கவில்லை. ட்ரெபோனில் நின்றதற்குக் காரணம் அங்கே உழுது பிழைக்க வழியில்லாத மண் என்பது ஒரு நகைமுரண்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கோடையில் இதே ஏரிகளைப் பார்த்தவர்கள் சொல்வது இது: நீர் பாசிக்குழம்பாக இருக்கிறது, அரை மீட்டர் ஆழத்தில் கை மறைந்துவிடுகிறது, கரையோர நாணல் பல இடங்களில் அற்றுவிட்டது, நீர்ப்பறவைகள் முன்புபோல் குஞ்சு பொரிப்பதில்லை. உண்மைதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோசெப் ஷுஸ்தா என்ற ஏரி நிர்வாகி கெண்டையின் வயிற்றைக் கிழித்து அது உண்மையில் என்ன தின்கிறது என்று ஆராய்ந்தார். நீரிலுள்ள நுண்ணுயிர்களும் புழுக்களும்தான் அதன் முதன்மை இரை என்று காட்டி, ஏரிக்கு எருவும் சுண்ணாம்பும் இட்டால் மீன் பெருகும் என்ற முறைக்கு வழி திறந்தார். அந்த அறிவு அளவோடு நிற்கவில்லை. அவர் காலத்துக்கு முன் ஹெக்டேருக்குச் சில பத்துக் கிலோவாக இருந்த மீன் விளைச்சல், அரசு உற்பத்தி இலக்குகள் கோலோச்சிய 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 500 கிலோவை நெருங்கியது. இவ்வளவு கெண்டை ஒரு நீரில் இருந்தால் அது பாசியை மேயும் நுண்ணுயிர்களைத் தின்று தீர்க்கிறது. அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. வயல் உரமும் ஊர்க் கழிவும் வந்து சேர, நீர் பச்சையாகிறது. அப்படியானால் என் வாதம் விழுந்துவிட்டதா? விழவில்லை, திருத்தம் பெறுகிறது. குற்றவாளி மதகு அன்று. நீருக்குள் விடும் குஞ்சின் எண்ணிக்கை. ரோஜ்ம்பெர்க்கில் மதகு திறந்து வடித்தபோதும் தெளிந்த நீர் இருந்த நூற்றாண்டுகள் உண்டு. பழைய காலத்தில் ஏரியை ஒரு கோடை முழுக்க உலரவிட்டு, படுகையில் தானியம் விதைத்து, மண்ணுக்குக் காற்றுக் காட்டும் வழக்கமும் இருந்தது. மீன் வருமானம் ஓராண்டு போகும் என்பதால் இன்று அதற்கு யாரும் எளிதில் துணிவதில்லை. தீர்வு என் பார்வையில் ஒன்றுதான்: பறவைக்காகவும் நீருக்காகவும் குறைவாக மீன் வளர்க்கச் சொன்னால், குறையும் வருமானத்தைச் சொன்னவர்கள் ஈடுகட்டவேண்டும். நீர்நாய் தின்ற மீனுக்கு அரசே இழப்பீடு தரும் சட்டம் செக் நாட்டில் 2000 முதல் இருக்கிறது. நீர்நாய்க்குத் தரத் தெரிந்தவர்களுக்கு நாணலுக்குத் தருவதில் என்ன தயக்கம்?

மூன்றாவது மறுப்பு விருந்தைப் பற்றியது. வீலோவ் இப்போது சுற்றுலாக்காரர் கூடும் கேளிக்கையாகிவிட்டது, மரபு என்பது விளம்பரப் பேச்சு என்பார்கள். மரபின் வயதைக் கொஞ்சம் சந்தேகிக்கத்தான் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை ரொட்டித்தூள் புரட்டிப் பொரித்த கெண்டையும் உருளைக்கிழங்குச் சாலடும் செக் வீடுகள்தோறும் உண்டு. தட்டுக்கடியில் வைத்த செதிலைப் பணப்பையில் போட்டுக்கொண்டால் ஆண்டு முழுக்கக் காசு தங்கும் என்பார்கள். கேட்டால் அனாதிகாலத்து வழக்கம் என்று தோன்றும். எல்லார் வீட்டுக்கும் அது பரவியது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில்தான். ஆனால் கேளிக்கையைப் புதிய கெடுதல் என்று நினைப்பவர்கள் அறுவடைக் கால விருந்துகளின் கதையைப் பார்க்கவேண்டும். ஒவ்வோர் ஊரின் கோயில் புனிதப்படுத்தப்பட்ட நாளுக்குப் ‘பொஸ்விட்செனீ’ என்ற திருவிழா. வாத்து வறுவலும் முட்டைக்கோசும் மாவு உருண்டையும் ‘கொலாச்’ என்னும் இனிப்பு ரொட்டியும் படைக்கும் விழா. ஊருக்கு ஊர் நாள் வேறு என்பதால் உறவுக்காரர் வாராவாரம் ஓர் ஊர் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், வேலை கெட்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் யோசெப் அக்டோபர் மூன்றாம் ஞாயிறே எல்லா ஊருக்கும் பொது நாள் என்று ஆணையிட்டார். மக்கள் ஆணைக்குக் கீழ்ப்படிந்து அன்றும் கொண்டாடினார்கள். தங்கள் பழைய நாளையும் விடவில்லை. விருந்துக்காகக் கூடும் கூட்டம் அந்த மண்ணுக்குப் புதிதன்று. கரையில் நின்று பீர் குடிப்பவர் கண்முன்னே நடப்பது மெய்யான வேலை. அவர் ஊருக்குப் போனபிறகும் தொட்டி நிறையும், எடை போடப்படும், லாரி கிளம்பும். செக் நாட்டில் ஆண்டுக்கு விளையும் சுமார் 20,000 டன் வளர்ப்பு மீனில் பெரும்பங்கு கெண்டைதான். 2007 முதல் ‘ட்ரெபோன் கெண்டை’ என்ற பெயருக்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடு இருக்கிறது. பார்க்க ஆளில்லாவிட்டாலும் நடக்கும் விழாவைப் பொய் என்று சொல்ல முடியாது.

ஏரி வெட்டிய கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிர்ச்சீனின் பெயர் கல்வெட்டிலும் சிலையிலும் நிற்கிறது. மண் சுமந்தவர் பெயர் எதிலும் இல்லை. கூலிக்கு வந்த ஏரிவெட்டிகளோடு, கட்டாய ஊழியத்துக்கு இழுக்கப்பட்ட குடியானவர்களும் அந்தக் கரைகளை எழுப்பினார்கள். தங்கள் வயலும் வீடும் நீருக்கடியில் போனவர்களும் உண்டு. கிர்ச்சீன் சாத்தானுக்குத் தன்னை விற்றவன், இன்னும் இரவில் கறுப்புப் பூனைகள் பூட்டிய வண்டியில் கரைமேல் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று அந்த வட்டாரத்தில் கதை சொல்வார்கள். மக்கள் ஒருவரை எப்படி நினைவுவைத்திருக்கிறார்கள் என்பதற்குச் சிலையைவிடப் பூனை வண்டி நம்பகமான சான்று. 

போக நினைப்பவர்களுக்கு: பிராகிலிருந்து ரயிலில் வெஸெலீ நாட் லுஜ்னிட்ஸி என்ற சந்திப்பில் மாறிப் போகலாம். எந்த ஏரி எந்தத் தேதியில் வடிக்கப்படுகிறது என்று ஏரிகளை நடத்தும் நிறுவனம் முன்கூட்டி அறிவிக்கும். அதைப் பார்த்தே நாளைக் குறியுங்கள். ரோஜ்ம்பெர்க்கை மட்டும் நம்பியிராமல் பெயர் தெரியாத சிறு ஏரி ஒன்றின் அறுவடையையும் சேர்த்துக்கொண்டால் கூட்டமில்லாமல் மீனவரின் கைவேலையைப் பார்க்கலாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வேண்டும், தொலைநோக்கி வேண்டும், விடியற்குளிருக்குக் கம்பளி வேண்டும். ஒரு பகலை ஸ்வ்யெத் ஏரியைச் சுற்ற ஒதுக்குங்கள்; 12 கிலோமீட்டர் நடைபாதை அது, ஏரியின் பெயரால் அதற்கு ‘உலகத்தைச் சுற்றும் வழி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்த அன்று மாலையே ஊரைவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மறுநாள் காலை, கடைகளும் லாரிகளும் போனபின், அதே கரைக்குத் திரும்பவும் வாருங்கள். கொக்குகள் அப்போதுதான் இறங்கும்.